எந்த எண்ணெய் ஊத்துறது, சிஸ்டர்?

தேனி மாவட்டத்துக் கோம்பையிலும் சுற்றுப்பட்டு ஊர்களிலும் செவிலியராக வேலை பார்த்த காலம் முழுக்க, மார்பகப் பரிசோதனைக்கு வந்த பெண்களில் பாதிப் பேர் கட்டிலை விட்டு இறங்கி, ஜாக்கெட் கொக்கியை மாட்டிக்கொண்டே கேட்டது இதைத்தான்: “எந்த எண்ணெய் ஊத்துறது, சிஸ்டர்?”

சமையல் குறிப்புக்காக யாரும் இப்படிக் கேட்பதில்லை. தெருவில் யாருக்கோ மார்பில் புற்று வந்து மதுரைக்குக் கொண்டுபோயிருப்பார்கள். அந்த வீட்டில் என்ன எண்ணெய் வாங்கினார்கள் என்ற பேச்சு குழாயடியில் ஓடியிருக்கும். ரேஷன் பாமாயில்தான் காரணம் என்பார் ஒருவர். பாக்கெட் ரீஃபைண்டில் ஏதோ மருந்து கலக்கிறார்கள் என்பார் இன்னொருவர். தேங்காயெண்ணெயைக் குடித்தால் எல்லா நோயும் ஓடிவிடும் என்று கைபேசியில் யாரோ பேசியதை மகன் காட்டியிருப்பான். மேற்கே ராமக்கல்மெட்டு மலை, கீழே தென்னந்தோப்பு என்று இருக்கிற எங்கள் பக்கத்தில் அந்தப் பேச்சு சட்டென்று எடுபடும். புதிதாக வந்த மரச்செக்குக் கடைகள் சிலவற்றில் ‘புற்றுநோயைத் தடுக்கும்’ என்று பலகையே எழுதி மாட்டினார்கள். இத்தனையையும் கேட்டுவிட்டு, பயத்தோடு வந்து கேட்கிற பெண்ணுக்கு ஒரு நேரான பதில் சொல்ல வேண்டும். அதற்காக நான் படித்ததையும் பார்த்ததையும்தான் எழுதுகிறேன்.

எங்கள் மாவட்டத்துக்கு இதில் ஒரு பங்கு உண்டு. உலக வங்கி உதவியோடு நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டத்தில், கருப்பைவாய்ப் புற்றை முன்கூட்டியே கண்டுபிடிக்கும் வேலையை 2007-இல் முதலில் தொடங்கிப் பார்க்கத் தேர்ந்தெடுத்த இரண்டு மாவட்டங்கள் தேனியும் தஞ்சாவூரும். அதுவரை எங்கள் வேலை பிரசவம், தடுப்பூசி, குடும்பக் கட்டுப்பாடு என்று இருந்தது. பிள்ளை பெற்று முடித்த பெண் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரவேண்டிய காரணமே இல்லை என்று எல்லோரும் நினைத்திருந்தோம். முப்பது தாண்டிய பெண்ணைக் கூப்பிட்டு, நோயே இல்லாதபோது பரிசோதிப்பது என்பது எங்களுக்கும் புதிது, அவர்களுக்கும் புதிது. பக்கத்து மாவட்டமான திண்டுக்கல்லில், அம்பிளிக்கையில் நடந்த ஆய்வு அதே 2007-இல்தான் வெளிவந்தது. பயிற்சி பெற்ற செவிலியர்கள் அசிட்டிக் அமிலம் தடவி ஒரே ஒரு தடவை பார்த்ததிலேயே கருப்பைவாய்ப் புற்றால் சாவது 35 சதவீதம் குறைந்தது என்று அதில் எழுதியிருந்தது. டாக்டர் இல்லாமல், இயந்திரம் இல்லாமல், எங்களைப் போன்றவர்கள் கையால் நடந்த வேலை அது. அந்தச் செய்தி எனக்குக் கொடுத்த தெம்பு கொஞ்சமில்லை. அடுத்த சில ஆண்டுகளில் திட்டம் மாநிலம் முழுவதும் விரிந்தபோது சர்க்கரை, ரத்த அழுத்தத்தோடு மார்பகப் பரிசோதனையும் எங்கள் அன்றாட வேலையாகிவிட்டது.

மார்பகத்தைக் கையால் பார்ப்பதில் ஒரு ஒழுங்கு இருக்கிறது. முதலில் தொடுவதே இல்லை. வெளிச்சத்தில் உட்கார வைத்து வெறுமனே பார்க்க வேண்டும். கையைத் தொங்கவிடச் சொல்லி ஒரு தடவை, இடுப்பில் ஊன்றி அழுத்தச் சொல்லி ஒரு தடவை, தலைக்கு மேலே தூக்கச் சொல்லி ஒரு தடவை. சும்மா இருக்கும்போது தெரியாத குழி, கையைத் தூக்கியதும் தெரியும். உள்ளே இருக்கிற கட்டி தோலைப் பிடித்து இழுப்பதால் வரும் குழி அது. காம்பு ஒரு பக்கம் மட்டும் புதிதாக உள்வாங்கியிருக்கிறதா, தோல் தடித்துக் கமலாப்பழத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருக்கிறதா, காம்பிலிருந்து ரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு படுக்க வைத்து, அந்தப் பக்கத்துக் கையைத் தலைக்கு அடியில் வைக்கச் சொல்ல வேண்டும். மூன்று விரல்களின் உட்புறச் சதையால், விரல் நுனியால் அல்ல, சின்னச் சின்ன வட்டமாகச் சுற்றிக்கொண்டே மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே போக வேண்டும். ஒவ்வொரு இடத்திலும் லேசாக ஒரு அழுத்தம், கொஞ்சம் கூட்டி ஒன்று, நெஞ்செலும்பு தட்டும்வரை ஒன்று. காறையெலும்புக்குக் கீழே தொடங்கி மார்பின் அடி மடிப்பு வரை, கடைசியில் அக்குள். அக்குளை அவசரமாக முடிக்கிற செவிலியரை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நெறி கட்டியிருப்பது அங்கேதான் தெரியும்.

கையில் தட்டுப்படுகிற கட்டிகளில் பெரும்பாலானவை புற்று இல்லை. சின்ன வயதுப் பெண்களுக்கு உருண்டையாக, விரலுக்கு அடியில் நழுவி ஓடுகிற கட்டி இருக்கும். பால் கொடுக்கிறவர்களுக்குப் பால் கட்டியிருக்கும். மாதவிலக்குக்கு முந்தின வாரம் மார்பே முடிச்சு முடிச்சாக இருக்கும். பயப்பட வேண்டியது, கெட்டியாக, ஓரம் சீராக இல்லாமல், நகராமல், பெரும்பாலும் வலியே இல்லாமல் இருப்பதற்கு. வலி இல்லை என்பதால்தான் நம் பெண்கள் அதை விட்டுவிடுகிறார்கள். ஆனாலும் எது எது என்று விரலை வைத்தே முடிவு சொல்லக்கூடாது. தட்டுப்பட்டால் மேலே அனுப்ப வேண்டியதுதான் எங்கள் வேலை.

எண்ணெய்க் கதை இங்கேதான் குறுக்கே வரும்.

ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகிற அம்மா ஒருவர். வயது நாற்பத்தைந்துக்கு மேல். மலைக்குப் போகிற ஜீப்பை ஒருநாள் விட்டுவிட்டு வந்தார். இடது மார்பில் மேல்பக்கம், அக்குளை ஒட்டி, எலுமிச்சை அளவுக்குக் கட்டி. எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். “பங்குனியிலயே தெரியும் சிஸ்டர். கொழுப்புக் கட்டிதான், எண்ணெயக் கொறைச்சா கரைஞ்சிரும்னு சொன்னாங்க.” அவர் வந்தது ஐப்பசி அடைமழையில். அதுவரை தாளிக்கக்கூட எண்ணெய் தொடாமல், ரசமும் மோரும் ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறார். அந்த உடம்போடு மலையேறிக் காய் எடுத்திருக்கிறார். ஆள் இளைத்திருந்தார், கட்டி வளர்ந்திருந்தது.

இந்த நம்பிக்கை எங்கள் பக்கத்தில் ஆழமாக இருக்கிறது. தோலுக்கு அடியில் மெத்தென்று வருகிற கொழுப்புக் கட்டி என்று ஒன்று உண்டு, அது தீங்கில்லாதது, உண்மைதான். ஆனால் எண்ணெயை நிறுத்தினால் அதுகூடக் கரையாது. மார்பகப் புற்று கொழுப்பு திரண்டு உண்டாவதே இல்லை. பால் சுரப்பியிலோ பால் வருகிற நாளத்திலோ உள்ள செல் ஒன்று கட்டுப்பாட்டை இழந்து பெருகுவது அது. சாப்பிட்ட எண்ணெய் போய் மார்பில் தங்கிக் கட்டியாகிறது என்ற நினைப்பு ஒரு பெண்ணின் ஆறேழு மாதத்தை விழுங்கிவிடுகிறது. மார்பகப் புற்றில் ஆறேழு மாதம் என்பது சின்ன விஷயமில்லை.

அவரைத் தேனி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, க.விலக்குக்கு அனுப்பினோம். மேமோகிராம், ஊசி போட்டுச் சதை எடுத்துப் பார்த்தது, பிறகு அறுவை, கீமோ, மதுரையில் கரண்டு வைத்தியம் என்று சொல்கிற கதிர்வீச்சு. முதல்வர் காப்பீட்டு அட்டை இருந்ததால் கையிலிருந்து போனது பஸ் காசும் கூட இருந்தவர்களின் கூலியும்தான். அதுவே அந்தக் குடும்பத்துக்குப் பெரிய காசு. இடையில் ஒருநாள் வீட்டுக்குப் போனபோது, மொட்டைத் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “ரேஷன் பாமாயிலத்தான சிஸ்டர் வாங்குனோம். அதனாலதான் எனக்கு வந்துச்சா? செக்குல வாங்க எங்ககிட்ட காசு ஏது?” என்றார். மாமியார் திண்ணையிலிருந்து, “கண்டதையும் பொரிச்சுத் தின்னா என்ன ஆகும்?” என்று சொன்னது எனக்கும் கேட்டது.

அந்தக் கேள்விக்குச் சரியான பதிலைத் தேடி உலகம் பல பத்தாண்டுகள் செலவழித்திருக்கிறது. அதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொன்னேனோ அப்படியே சொல்கிறேன்.

முதலில் எலி. 1942-இல் சிகாகோவில் ஆல்பர்ட் டானன்பாம் என்பவர் சுண்டெலிகளுக்குக் கொழுப்பு கூடுதலாக உள்ள தீனி போட்டுப் பார்த்தார். அவற்றுக்கு மார்பில் கட்டி அதிகம் வந்தது. பிறகு நாடுகள். கனடாவின் கென்னத் கேரல் 1975-இல் ஒரு வரைபடம் போட்டார். ஒரு நாட்டில் ஆளுக்கு எவ்வளவு கொழுப்பு கிடைக்கிறது என்பது ஒரு பக்கம், அந்த நாட்டில் மார்பகப் புற்றால் எத்தனை பெண்கள் சாகிறார்கள் என்பது இன்னொரு பக்கம். தாய்லாந்தும் ஜப்பானும் கீழ் மூலையில், நெதர்லாந்தும் டென்மார்க்கும் பிரிட்டனும் மேல் மூலையில், நடுவில் மற்ற நாடுகள் கிட்டத்தட்ட நேர்கோட்டில். அந்தப் படத்தைப் பார்த்த யாருக்கும் சந்தேகம் இருந்திருக்காது. ஜப்பானிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபோன குடும்பங்களில் பெண்களுக்கும் பேத்திகளுக்கும் நோய் கூடிக்கொண்டே போனதும் சேர்ந்துகொண்டது. கொழுப்புதான் காரணம் என்று உலகமே நம்பிய காலம் அது. எங்கள் குழாயடியில் இன்றும் ஓடுகிற பேச்சின் வேர் அங்கேதான் இருக்கிறது.

அந்த நம்பிக்கையை ஆட்டியவர்கள் செவிலியர்கள். அமெரிக்காவில் 1976-இல் 1,21,700 செவிலியர்களைச் சேர்த்து ஒரு நீண்ட ஆய்வு தொடங்கினார்கள். தங்கள் உடம்பைப் பற்றி ஒழுங்காகக் குறிப்பு எழுதி அனுப்புவார்கள் என்றுதான் செவிலியர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களில் 89,538 பேர் என்ன சாப்பிட்டார்கள் என்று எழுதி வாங்கி, யாருக்கு நோய் வருகிறது என்று தொடர்ந்து பார்த்து, வால்டர் வில்லட் குழு 1987-இல் முடிவை வெளியிட்டது. கொழுப்பு அதிகம் சாப்பிட்டவர்களுக்கும் குறைவாகச் சாப்பிட்டவர்களுக்கும் நோய் வருவதில் வித்தியாசம் இல்லை. ஒரே ஆய்வு போதாது என்று, இதே மாதிரி ஏழு ஆய்வுகளைச் சேர்த்து, 3,37,819 பெண்களின் கணக்கை 1996-இல் பார்த்தார்கள். அப்போதும் இல்லை.

சாப்பிட்டதை எழுதச் சொன்னால் யாரும் சரியாக எழுத மாட்டார்கள், மாற்றிச் சாப்பிட வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று சிலர் சொன்னார்கள். நியாயமான பேச்சு. அதையும் செய்தார்கள். மாதவிலக்கு நின்ற 48,835 அமெரிக்கப் பெண்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் கொழுப்பைக் குறைத்து, காய், பழம், தானியத்தைக் கூட்டச் சொல்லிக்கொடுத்தார்கள். எட்டு வருடத்துக்குப் பிறகு, 2006-இல் முடிவு வந்தது. குறைத்துச் சாப்பிட்டவர்களுக்கு 9 சதவீதம் குறைவாக நோய் வந்திருந்தது. ஆனால் அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற அளவுக்குத்தான் இருந்தது. அதே பெண்களைக் கிட்டத்தட்ட இருபது வருடம் வரை தொடர்ந்து பார்த்தபோது, மார்பகப் புற்றால் சாவது மட்டும் 21 சதவீதம் குறைந்திருந்தது தெரிந்தது. இதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அவர்கள் எண்ணெயை மட்டும் குறைக்கவில்லை, காய்கறியையும் கூட்டினார்கள், கொஞ்சம் எடையும் குறைந்தார்கள். எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது.

ஆக, அந்த அம்மாவிடம் நான் சொன்னது: “இல்லக்கா. நீங்க வாங்குன பாமாயிலுனால இது வரலை. உங்க சமையலுனால வரலை.” மாமியாருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

அப்படியானால் கேரல் போட்ட கோடு எங்கிருந்து வந்தது? அதை எங்கள் ஊர்த் திண்ணையிலேயே பார்க்கலாம். ஒரே வீட்டில் பாட்டி, மகள், பேத்தி. பாட்டி காலத்தில் எண்ணெய்ச் சட்டி அடுப்பேறுவது தீபாவளிக்கும் விசேஷத்துக்கும்தான். மற்ற நாளில் கேப்பைக் களியும் கம்பங்கூழும். பேத்தி வீட்டில் மாதம் ஐந்து பாக்கெட் வாங்குகிறார்கள். எண்ணெயும் கூடியிருக்கிறது, நோயும் கூடியிருக்கிறது. ஆனால் பாட்டி வயதுக்கு வந்தது பிந்தி, முதல் பிள்ளை இருபதுக்குள், மொத்தம் எட்டுப் பிரசவம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு வருடம் வரை பால். பேத்தி பன்னிரண்டில் வயதுக்கு வந்தாள், படித்து வேலைக்குப் போய் முப்பதையொட்டிக் கல்யாணம், ஒரு பிள்ளை, சில மாதம் பால். பாட்டி களையெடுத்தாள், தண்ணீர் சுமந்தாள். பேத்தி உட்கார்ந்து வேலை பார்க்கிறாள். எண்ணெய் கூடிய அதே நாற்பது ஐம்பது வருடத்தில் இத்தனையும் மாறியிருக்கிறது. பணக்கார நாடுகளிலும் இதுதான் நடந்தது. எண்ணெயைத் தனியாகப் பிடித்து நிறுத்திக் குற்றம் சொன்னது தப்பு.

பிள்ளைப்பேற்றுக்கும் தாய்ப்பாலுக்கும் உள்ள தொடர்பு உறுதியானது. 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைச் சேர்த்து 2002-இல் வந்த கணக்கில், ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஏறக்குறைய 7 சதவீதமும், பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் 4.3 சதவீதமும் ஆபத்து குறைகிறது. இதைச் சொல்லும்போது கூடவே ஒன்றைச் சொல்லாமல் நான் நிறுத்த மாட்டேன். குறைகிறது என்றால் வரவே வராது என்று பொருள் இல்லை. நாலு பிள்ளைக்குப் பால் கொடுத்த அந்த ஏலத்தோட்டத்து அம்மாவுக்கும் வந்தது. பிள்ளையே பெறாத எத்தனையோ பேருக்கு வரவில்லை. எண்ணெய்க்குப் பதிலாகப் பிள்ளைப்பேற்றை வைத்து ஒரு பெண்ணைக் குத்திக்காட்ட யாருக்கும் இடம் கொடுக்கக் கூடாது.

சாப்பிடுகிற கொழுப்பை விட்டுவிட்டு, உடம்பில் சேர்ந்த கொழுப்புக்கு வருவோம். இங்கே ஆதாரம் பலமாக இருக்கிறது. மாதவிலக்கு நிற்கும்வரை ஈஸ்ட்ரோஜனைச் சுரப்பது சினைப்பை. அது ஓய்ந்த பிறகு, உடம்பில் உள்ள கொழுப்புத் திசு அந்த வேலையை எடுத்துக்கொள்கிறது. அதில் அரோமடேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. கொழுப்பு எவ்வளவோ அவ்வளவு ஈஸ்ட்ரோஜன். மார்பகப் புற்றுகளில் பெரும்பகுதி அந்த ஈஸ்ட்ரோஜனைக் குடித்து வளர்பவை. அதனால்தான் மாதவிலக்கு நின்ற பிறகு எடை கூடுவது ஆபத்தைக் கூட்டுகிறது என்று உலகம் முழுவதும் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் பெண்களிடமே பார்த்தார்கள். சென்னையிலும் திருவனந்தபுரத்திலும் நோய் வந்த 1,866 பெண்களையும் வராத 1,873 பெண்களையும் ஒப்பிட்டு 2008-இல் வந்த ஆய்வில், உடம்பு பருமனும் இடுப்புச் சுற்றளவும் கூடியவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது.

இதை வைத்து நான் செய்தது எளிய காரியம். பரிசோதனை அறையில் எடை மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு தையல் டேப் தொங்கும். இடுப்பு 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் சர்க்கரையைப் பற்றி எப்படிப் பேசுவேனோ அப்படி இதையும் பேசுவேன். தோட்டத்து வேலைக்குப் போகிறவர்கள் ஒல்லியாகவே இருப்பார்கள். ஐம்பதைத் தாண்டி முழங்கால் வலியில் வேலையை விட்டு, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொண்டு வீட்டிலிருக்க ஆரம்பித்த இரண்டு மூன்று வருடத்தில் உடம்பு போட்டுவிடும். சாப்பாடு மட்டும் வேலைக்குப் போன காலத்து அளவிலேயே இருக்கும். கவனிக்க வேண்டிய இடம் அது.

எண்ணெயின் அளவைப் பற்றி மகளிர் குழுக் கூட்டங்களில் பேசும்போது, ரகத்தைச் சொல்லாதீர்கள், மாதம் எத்தனை லிட்டர், வீட்டில் எத்தனை பேர் என்று மட்டும் சொல்லுங்கள் என்பேன். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில், நாளுக்கு 2,000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு எண்ணெய், நெய் எல்லாம் சேர்த்து 27 கிராம். டீஸ்பூனில் அளந்தால் ஆறு. மாதக் கணக்கில் ஆளுக்கு ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு. நாலு பேர் உள்ள வீட்டில் மூன்றரை லிட்டர். ஆறு லிட்டர், ஏழு லிட்டர் என்று பெண்கள் சொல்வார்கள். சொல்லிவிட்டுத் தாங்களே ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். ஒரு லிட்டரில் ஏறக்குறைய 8,200 கலோரி இருக்கிறது. செக்கில் ஆட்டினாலும் பாக்கெட்டில் வந்தாலும் ரேஷனில் வந்தாலும் கிராமுக்கு 9 கலோரிதான். உடம்பில் கொழுப்பாகச் சேரும்போது அது எந்தக் கடையில் வாங்கியது என்று பார்த்துச் சேர்வதில்லை.

ரகத்தில் வித்தியாசமே இல்லையா என்றால், இருக்கிறது, அது நெஞ்சுவலிக் கணக்கில். தேங்காயெண்ணெயில் பத்தில் ஒன்பது பங்கு, பாமாயிலில் ஏறக்குறைய பாதி, ரத்தத்தில் கெட்ட கொழுப்பைக் கூட்டுகிற நிறை கொழுப்பு. கடலையெண்ணெயிலும் நல்லெண்ணெயிலும் அது ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். டீக்கடையில் காலையிலிருந்து காய்ந்து கறுத்த எண்ணெயில் போட்ட வடையை வேண்டாம் என்கிறேன். வனஸ்பதியில் இருந்த டிரான்ஸ் கொழுப்பு மோசமானது. 2022 ஜனவரியிலிருந்து அதை 2 சதவீதத்துக்குள் நிறுத்தச் சட்டம் வந்தது நல்ல காரியம். செக்கெண்ணெயின் மணமும் ருசியும் எனக்கும் பிடிக்கும். வயதுக்கு வந்த பிள்ளைக்கு உளுந்தங்களி கிண்டும்போது நல்லெண்ணெயை ஊற்றாமல் எப்படி? ஊற்றுங்கள். வசதி இருந்தால் செக்கில் வாங்குங்கள். ஆனால் அதை வாங்குவதால் மார்பில் புற்று வராது என்று நம்பிப் பரிசோதனைக்கு வராமல் இருக்காதீர்கள். “நாங்க செக்கு எண்ணெய்தான் சிஸ்டர், எங்களுக்கு எதுக்கு?” என்று திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். பாமாயில் வாங்கியவர் குற்ற உணர்ச்சியில் நோகிறார், செக்கெண்ணெய் வாங்கியவர் தைரியத்தில் வராமல் இருக்கிறார். இரண்டுமே எண்ணெய்க்கு நாம் கொடுக்கிற அளவுக்கு மீறிய இடத்தால் வருவது. வெளிநாட்டில் இருக்கிற பிள்ளை ஆலிவ் எண்ணெய் வாங்கி அனுப்புகிற வீடுகளும் இருக்கின்றன. ஸ்பெயினில் 4,282 பெண்களிடம் நடத்தி 2015-இல் வந்த ஆய்வில், அந்த நாட்டுப் பாணிச் சாப்பாட்டோடு ஆலிவ் எண்ணெய் சேர்த்தவர்களுக்கு நோய் குறைவாக வந்தது உண்மை. மொத்தம் நோய் வந்தவர்களே 35 பேர்தான். அதை வைத்துக் கோம்பையில் ஒரு குடும்பம் கடலையெண்ணெயைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

நோய் வந்த பிறகு நடக்கிற பத்தியம் இன்னும் மோசம். எண்ணெய் கூடாது, முட்டை கூடாது, கறி கூடாது, பால் கூடாது என்று ஒவ்வொருவரும் ஒன்றை எடுத்துவிடுவார்கள். கடைசியில் அந்தப் பெண்ணின் தட்டில் கஞ்சி மட்டும் இருக்கும். கீமோ ஏற்றுகிற உடம்புக்கு ரத்த அணுக்கள் திரும்ப ஊற வேண்டும், தையல் போட்ட இடம் ஆற வேண்டும், வாந்தியில் போன எடை திரும்ப வேண்டும். அணுக்கள் குறைந்துவிட்டால் அடுத்த ஊசியைத் தள்ளி வைத்துவிடுவார்கள். சிகிச்சை முடிந்தவர்களிடம் கொழுப்பைக் குறைத்துப் பார்த்த இரண்டு பெரிய அமெரிக்க ஆய்வுகளே ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை; 2006-இல் வந்த ஒன்று நோய் திரும்புவது குறைகிறது என்றது, 2007-இல் வந்த மற்றொன்று பயனில்லை என்றது. இந்த நிலையில் சிகிச்சையில் இருக்கிற பெண்ணின் முட்டையை எடுத்துவிட யாருக்கு உரிமை இருக்கிறது? அந்த அம்மாவின் வீட்டில் இதற்காகவே பலமுறை போய் உட்கார்ந்தேன். தினம் இரண்டு முட்டை, பருப்பு, கிடைக்கிற நாளில் மீன், தாளிக்க எண்ணெய். கடைசியில் மாமியாரே அவித்துக் கொடுக்க ஆரம்பித்தார். சிகிச்சை முடிந்து, மலைக்குப் போக முடியாமல், இப்போது வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கிறார்.

சாப்பாட்டில் அறுபது எழுபது வருடம் தேடிக் கிடைத்ததைவிடத் தெளிவான பதில் எங்கள் விரல்களில் கிடைத்தது என்பது என் எண்ணம். மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1998-இல் குடிசைப் பகுதிகளில் ஒரு ஆய்வைத் தொடங்கியது. 1,51,538 பெண்கள். பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை கையால் மார்பகத்தைப் பார்த்தார்கள். மேமோகிராம் கிடையாது. இருபது வருடம் கழித்து, 2021-இல் முடிவு வந்தது. கட்டி முற்றுவதற்கு முன்பே கண்டுபிடிப்பது கூடியிருந்தது. ஐம்பது வயதைத் தாண்டியவர்களில் மார்பகப் புற்றால் சாவது ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் கீழே சாவில் அப்படிக் குறையவில்லை. இளவயதுப் பெண்ணின் மார்பு இறுக்கமாக இருப்பதால் கைக்குத் தட்டுப்படுவது கடினம், அதற்கு வேறு வழி தேட வேண்டும். இந்தியாவில் 2022-இல் மட்டும் ஏறக்குறைய 1,92,000 பெண்களுக்குப் புதிதாக இந்த நோய் வந்திருக்கலாம் என்று உலகப் புற்றுநோய்க் கணக்கு சொல்கிறது. மேல்நாட்டைவிட நம் பெண்களுக்குப் பத்து வருடம் முந்தியே வருகிறது. அதனால் அம்மாவுக்கோ கூடப் பிறந்தவளுக்கோ இளவயதில் வந்திருந்தால், அந்தப் பெண்ணை நான் முப்பது வரை காத்திருக்கச் சொன்னதில்லை.

எங்கள் பள்ளத்தாக்கில் ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. ஏலக்காய் எடுக்கிற மாதங்களில் கோம்பை, தேவாரம், பண்ணைப்புரம் பக்கத்துப் பெண்கள் விடியுமுன்னே ஜீப் ஏறிக் கம்பம்மெட்டு வழியாகவோ போடிமெட்டு வழியாகவோ இடுக்கிக்குப் போய்விடுவார்கள். திரும்பும்போது இருட்டிவிடும். பரிசோதனை நடக்கிற நேரத்தில் ஊரில் இருப்பது வயதானவர்களும் கைப்பிள்ளைக்காரிகளும்தான். முப்பதிலிருந்து அறுபது வயதுப் பெண்களைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, அந்தப் பெண்கள் மலையில் இருக்கிற நேரத்தில் கதவைத் திறந்து வைத்தால் யார் வருவார்கள்? ஞாயிற்றுக்கிழமை வைத்தால் வருகிறார்கள். நாங்கள் வைத்த ஞாயிறுகளில் ஜீப்பில் ஒன்றாகப் போகிறவர்கள் ஒன்றாகவே வந்தார்கள். ஒருத்திக்குக் கட்டி தட்டுப்பட்டால் க.விலக்குக்குத் துணைக்குப் போக இன்னொருத்தி அங்கேயே பேசி முடித்துக்கொண்டாள். பணி ஓய்வு பெற்ற பிறகும் நான் விடாமல் கேட்டுக்கொண்டிருப்பது இதைத்தான்: காய் எடுக்கிற காலத்தில் மாதம் ஒரு ஞாயிறாவது பெண் செவிலியர் ஒருவரோடு அந்த அறை திறந்திருக்க வேண்டும்.

வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்கரைப் பரிசோதனை என்று நினைத்துப் பலபேர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து மயங்கி உட்காருகிறார்கள். மார்பகப் பரிசோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. வீட்டில் இருப்பதைச் சாப்பிட்டுவிட்டே வரலாம். மாதவிலக்கு வருகிறவர்கள், வந்து ஒரு வாரம் கழித்து வந்தால் மார்பு இளகியிருக்கும், வலிக்காது, எங்களுக்கும் பார்க்கச் சுலபம். பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.